ஒரு தாயும் ஒரு குறிப்பேடும்

(பி.எஸ்ஸி. விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பது நம் நாட்டுப் பழமொழி. பறவைக்கே அப்படியென்றால் மனிதத் தாயைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? அத்தகைய தாய் ஒருத்தி, தவழும் பருவத்துப் பெண் குழந்தையைத் தன் கையாலேயே கழுத்தறுத்துக் கொன்றாள் என்று கேள்விப்பட்டால் நாம் என்ன சொல்வோம்? பைத்தியக்காரி என்போம்; இல்லையேல் பாதகி என்போம்.

ஆனால் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசன் எழுதி 1987-ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிலவ்ட்' என்னும் நாவலைப் படித்து முடித்தவர்களுக்கு இவ்விரு சொற்களில் எதையும் எளிதில் சொல்ல நா எழாது. 'பிலவ்ட்' என்றால் அன்புக்குரியவள் என்று பொருள். இந்நாவலுக்கு 1988-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. 1993-இல் மாரிசன் இலக்கியத்திற்கான நோபல் பரிசைப் பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணி அவரே. 2019-இல் அவர் மறைந்தார்.

நாவலின் நாயகி பெயர் சேத்தி. அவள் ஏன் அவ்வாறு செய்தாள்? அவளுக்கு வேறு வழி இருந்ததா? தன்னை யாரென்று அவள் எண்ணியிருந்தாள்? இக்கேள்விகளுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதைக்கு முன்னால் ஒரு வரலாறு

சேத்தியின் கதை முழுக் கற்பனையன்று. 1856 சனவரியில், மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண் கணவனோடும் குழந்தைகளோடும் கென்டக்கி மாநிலத்திலிருந்து தப்பி, உறைந்து கிடந்த ஒஹையோ ஆற்றைக் கடந்து சின்சினாட்டி நகரை அடைந்தாள். ஆற்றுக்குத் தெற்கே கென்டக்கியில் அடிமை முறை சட்டப்படி நடந்தது. வடக்கே ஒஹையோவில் அது இல்லை. ஆனால் பிடிக்க வந்தவர்கள் ஆற்றோடு நிற்கவில்லை. அவர்கள் வீட்டைச் சூழ்ந்துகொண்டபோது, ஏறத்தாழ இரண்டு வயதுப் பெண் குழந்தையை மார்கரெட் கத்தியால் கொன்றுவிட்டாள்.

அதன்பின் நடந்த வழக்குதான் வியப்பிற்குரியது. அவள் பக்கம் நின்ற வழக்கறிஞர், அவள்மீது கொலைக் குற்றம் சாட்டப்பட வேண்டும் என்று வாதாடினார்! காரணம், கொலைக் குற்றம் சாட்டினால் அவள் மனிதப் பிறவி என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டதாகிவிடும். எதிர்த்தரப்போ அவள் ஓர் உடைமை, உடையவனிடம் திருப்பித் தரப்பட வேண்டும் என்றது. உடைமை என்ற வாதமே வென்றது. அவள் தெற்கே அனுப்பப்பட்டாள். 1858-இல் நச்சுக் காய்ச்சலில் இறந்தாள். இச்சம்பவம் பற்றிய பழைய செய்தித்தாள் குறிப்பொன்றை, தாம் பதிப்பாசிரியராகப் பணிபுரிந்த காலத்தில் மாரிசன் கண்டெடுத்தார். அதுவே நாவலுக்கு வித்தாயிற்று.

தாய்மைக்கு விலை வைத்த சட்டங்கள்

சேத்தியின் செயலைப் புரிந்துகொள்ள அன்றைய சட்டங்கள் சிலவற்றை நாம் அறிந்திருத்தல் வேண்டும். 1662-இல் வெர்ஜினியாவில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பிறக்கும் குழந்தை அடிமையா, சுதந்திரமுள்ளதா என்பதைத் தாயின் நிலையே தீர்மானிக்கும் என்றது அது. தந்தை வெள்ளை எசமானனாகவே இருந்தாலும், தாய் அடிமையென்றால் குழந்தையும் அடிமைதான். 1808 முதல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருதல் தடை செய்யப்பட்டது. அதன்பின் எசமானர்கள் அடிமைகளைப் பெருக்கிக்கொள்ளச் சட்டம் அனுமதித்த வழி அடிமைப் பெண்களின் வயிறு ஒன்றே. 1860-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அமெரிக்காவில் இருந்த அடிமைகள் ஏறத்தாழ 39½ லட்சம் பேர்.

இவற்றிற்கு மேலாக 1850-இல் தப்பியோடிய அடிமைகள் பற்றிய சட்டம் வந்தது. பிடிபட்டவர் தம் பக்கத்து நியாயத்தைச் சாட்சியாகச் சொல்ல முடியாது. ஜூரி விசாரணையும் கிடையாது. அடிமையே என்று தீர்ப்பளித்தால் விசாரணை அதிகாரிக்குப் பத்து டாலர் கட்டணம். அடிமையல்ல என்று விடுவித்தால் ஐந்து டாலர்! நீதியின் தராசு எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே சேத்தியின் குழந்தைகள் சட்டத்தின் கண்ணில் அவளுடைய குழந்தைகளே அல்லர். ஒரு பண்ணையின் கன்றுகளைப் போல அவர்கள் எசமானனின் சொத்து.

இரண்டு பத்திகள்

கதைக்கு வருவோம். கென்டக்கியில் 'ஸ்வீட் ஹோம்', அதாவது 'இனிய இல்லம்', என்ற பண்ணையில் சேத்தி அடிமையாக இருக்கிறாள். அதன் உரிமையாளர் கார்னர் சற்று இளகிய மனத்தவர். தம் அடிமைகளை ஆண்மக்கள் என்று பிறரிடம் பெருமையாகச் சொல்லுபவர். ஆனால் அவர் இறந்ததும் அந்த ஆண்மையும் அவரோடு போய்விடுகிறது. எசமானன் தந்த மரியாதை எசமானன் உள்ளவரைதான் என்பதை மற்றோர் அடிமையான பால் டி பின்னாளில் எண்ணி எண்ணி வேதனைப்படுகிறான்.

கார்னருக்குப் பின் பண்ணையை நடத்த வருகிறவன் அவருடைய உறவினன். அவனுக்கு நாவலில் பெயரே இல்லை. 'பள்ளி ஆசிரியர்' என்றே குறிப்பிடப்படுகிறான். மென்மையாகப் பேசுபவன், படித்தவன். அடிமைகளின் தலையை நூல் கொண்டு அளக்கிறான், பற்களை எண்ணுகிறான், கேள்விகள் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறான். சேத்திக்கு முதலில் இது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஒருநாள் அவன் தன் மாணாக்கர்களுக்குப் பாடம் நடத்துவது அவள் காதில் விழுகிறது. சேத்தியின் மனிதப் பண்புகளை ஏட்டின் இடப்பக்கத்திலும், விலங்குப் பண்புகளை வலப்பக்கத்திலும் எழுதுமாறு அவன் சொல்லிக்கொடுக்கிறான். 'பண்பு' என்ற சொல்லுக்குப் பொருள் தெரியாத சேத்தி, நோயுற்றிருக்கும் எசமானி அம்மாளிடம் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். ஒன்றுக்கு இயல்பாகவே அமைந்திருப்பது எதுவோ அதுவே பண்பு என்று விடை கிடைக்கிறது. அதாவது, தனக்குள் இயல்பாகவே ஒரு விலங்கு இருப்பதாக ஏட்டில் எழுதப்படுகிறது என்று அவள் அறிகிறாள்.

விலங்கியல் மாணவர்களாகிய நாங்கள் தவளைக்கும் கரப்பான்பூச்சிக்கும் பண்புகளைப் பட்டியலிட்டுப் பதிவேட்டில் எழுதுகிறோம். அளத்தல், எண்ணுதல், வகைப்படுத்தல் ஆகியவை அறிவியலின் அடிப்படைகள். அதே கருவிகளைக் கொண்டு ஒரு பெண்ணை மனித இனத்திலிருந்து பாதி வெளியே தள்ள முடியும் என்று படிக்கும்போது உள்ளம் நடுங்குகிறது. இதை ஆசிரியரின் மிகைக் கற்பனை என்று ஒதுக்கவும் இயலாது. பிலடெல்பியா நகரத்து மருத்துவர் சாமுவேல் மார்ட்டன் மண்டையோடுகளைச் சேகரித்து, அவற்றின் கொள்ளளவை அளந்து, இனங்களை உயர்வு தாழ்வாக வரிசைப்படுத்தி 1839-இல் நூல் வெளியிட்டார். 1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகள் தப்பியோடுவது ஒருவகை மனநோய் என்று கூறி அதற்குக் கிரேக்க மொழியில் பெயரும் சூட்டினார்! விடுதலை வேட்கையே நோய் என்றால், அடங்கிக் கிடப்பதுதான் ஆரோக்கியம் போலும்.

இன்றைய மரபியல் இக்கூற்றுகளைத் தவிடுபொடியாக்கிவிட்டது. மனிதருக்குள் காணும் மரபணு வேறுபாடுகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கட் கூட்டத்திற்குள்ளேயே காணப்படுபவை என்று 1972-இல் ரிச்சர்ட் லெவான்டின் காட்டினார். வலப்பக்கப் பத்தி அறிவியலே அல்ல. அறிவியலின் உடையணிந்த ஆதிக்கம்.

விறகுக் கொட்டகையில்

அப்பத்தியில் எழுதப்பட்டது ஏட்டோடு நிற்கவில்லை. கர்ப்பிணியான சேத்தியைப் பிடித்து வைத்துக்கொண்டு அம்மாணாக்கர்கள் அவள் முலைப்பாலைக் கறந்து குடிக்கிறார்கள். ஆசிரியன் பார்த்துக் குறிப்பெழுதுகிறான். எசமானியிடம் முறையிட்டதற்காக அவள் முதுகு பிளக்கச் சாட்டையடி விழுகிறது. அத்தழும்பு ஒரு மரம்போலக் கிளைவிட்டு அவள் முதுகில் நிலைத்துவிடுகிறது. ஆயினும் சேத்தி சாட்டையடியைவிடப் பாலைப் பறித்ததையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். முன்னரே தப்பவைத்து அனுப்பிவிட்ட தன் பெண் குழந்தைக்கு உரிய பால் அது. தாய் என்பதொன்றே அவள் தனக்கென வைத்திருந்த அடையாளம். அதன்மீதுதான் அவர்கள் கைவைத்தார்கள்.

தப்பி வரும் வழியில் இன்னொரு பெண் குழந்தையைப் பெற்று, சின்சினாட்டியில் மாமியார் வீட்டை அடைகிறாள். இருபத்தெட்டு நாட்கள் சுதந்திரமாக வாழ்கிறாள். அந்நாட்களில்தான் தன் பிள்ளைகளை முழுமையாக நேசிக்க அவளுக்குத் துணிவு வருகிறது. விற்கப்படக்கூடிய பிள்ளையிடம் முழு அன்பை வைக்க எந்தத் தாய்க்குத் துணிவு வரும்? அவள் மாமியார் பேபி சக்ஸ் பெற்ற எட்டுப் பிள்ளைகளில் அவளிடம் தங்கியவன் ஹாலே ஒருவனே. மற்றவர்களின் முகங்களை மனத்தில் பதித்துக்கொள்ளவும் அவள் அஞ்சினாள்.

பிறகு ஆசிரியன் ஷெரிபோடு வருகிறான். சேத்தி பிள்ளைகளை அள்ளிக்கொண்டு விறகுக் கொட்டகைக்குள் ஓடுகிறாள். நான்கு பிள்ளைகளையும் அவன் கைக்கு எட்டாத இடத்திற்கு அனுப்பிவிடவேண்டும் என்ற ஒரே எண்ணம் அவளுக்கு. தவழும் குழந்தையின் கழுத்தை ரம்பத்தால் அறுக்கிறாள், மற்றவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். தன் மகளின் பண்புகளை எவனும் வலப்பக்கத்தில் எழுதக்கூடாது என்பதே அவளுடைய முடிவு.

அவள் செய்தது சரியா? மாரிசன் தீர்ப்பளிக்கவில்லை. சேத்தி சிறை செல்கிறாள்; ஊரார் ஒதுக்குகிறார்கள்; ஆண்பிள்ளைகள் இருவரும் வளர்ந்ததும் வீட்டைவிட்டு ஓடுகிறார்கள். கொல்லப்பட்ட குழந்தையின் ஆவி வீட்டில் அலைகிறது. எனவே இக்கொலையை வீரச் செயலாக நாவல் கொண்டாடவில்லை என்பது தெளிவு. அதே சமயம் அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர், அவளுக்கு முன்னால் இருந்த வழிகள் எத்தனை என்பதையும் எண்ணிச் சொல்லியாக வேண்டும். ஒன்று சாவு, மற்றொன்று அந்தக் குறிப்பேடு. மூன்றாவது வழியைச் சட்டம் அடைத்து வைத்திருந்தது. ஒடுக்குமுறையின் கொடுமை இதுவே. அது ஒருவருக்குள்ள வழிகளையெல்லாம் அடைத்துவிட்டு, மிஞ்சியதைத் தேர்ந்தெடுத்த பழியை அவர் தலையிலேயே சுமத்துகிறது.

ஏடு மறைந்தும் எழுத்து மறையவில்லை

கதை பெரும்பாலும் நடப்பது 1873-இல். 1865-இலேயே அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் அடிமை முறை ஒழிக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் அந்த இரண்டு பத்திகள் மனங்களிலிருந்து அழியவில்லை. சேத்தியை உண்மையாக நேசிக்கும் பால் டி கூட, கொலையைப் பற்றி அறிந்ததும், உனக்கு இருப்பது இரண்டு கால், நான்கல்ல என்ற பொருள்படப் பேசிவிடுகிறான். அடிபட்டவன் வாயிலிருந்தே அடித்தவனின் மொழி வருகிறது. ஒருகாலத்தில் தனக்கு 900 டாலர் விலை பேசப்பட்டதைக் கேட்டவன் அவன். கட்டுண்டு நின்ற தன்னைவிடக் கொட்டிலில் திரிந்த சேவல் சுதந்திரமாக இருந்ததே என்று புழுங்கியவன்.

சேத்தியோ இறந்த மகளுக்கு நியாயம் சொல்லிச் சொல்லியே தேய்ந்து போகிறாள். நாவலின் கடைசிப் பகுதியில் அவள் பால் டியிடம் சொல்லும் ஒரு செய்தி நெஞ்சை உலுக்குகிறது. ஆசிரியன் குறிப்பெழுதப் பயன்படுத்திய மையைக் காய்ச்சிக் கொடுத்தவள் அவளே! தான் மை செய்து தராதிருந்தால் அவனால் எழுதியிருக்க முடியாதே என்று அவள் புலம்புகிறாள். எழுதியவன் குற்ற உணர்வின்றிப் போய்விட்டான். மை தந்தவள் குற்றத்தைச் சுமக்கிறாள். தன்னைத் தாழ்த்தியதில் தனக்கும் பங்குண்டு என்று தாழ்த்தப்பட்டவரையே எண்ண வைப்பதைக் காட்டிலும் பெரிய வெற்றி ஒடுக்குமுறைக்கு வேறென்ன இருக்க முடியும்?

ஆனால் நாவல் அங்கே முடிந்துவிடவில்லை. வீட்டைத் தேடி ஒரு வெள்ளையர் வருகிறார். அவரைப் பழைய ஆசிரியன் என்றே மயங்கிய சேத்தி, இம்முறை ஆயுதத்தைத் தன் பிள்ளைமீது ஓங்காமல் அவரை நோக்கி ஓடுகிறாள். வந்தவர் நல்லவர், ஆள் மாறிய கோபம்தான். என்றாலும் பதினெட்டு ஆண்டுகளில் அவள் கை திரும்பிய திசை மாறியிருக்கிறது. ஊர்ப் பெண்களும் இம்முறை விலகி நிற்காமல் அவள் வாசலுக்கு வருகிறார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது சேத்தியின் இளைய மகள் டென்வர் செய்யும் காரியம். பல்லாண்டுகள் வாசலைத் தாண்டாதிருந்த அப்பெண், தாய் பசியில் வாடுவதைக் கண்டு வேலை தேடித் தெருவில் இறங்குகிறாள். பாதியில் விட்ட படிப்பைத் தொடர்கிறாள். அக்குடும்பத்தில் கல்லூரியைப் பற்றி எண்ணிப் பார்க்கும் முதல் ஆள் அவள்தான். வெள்ளை ஆசிரியரைப் போல ஆபத்தானது உலகில் வேறில்லை என்று பால் டி மனத்திற்குள் அஞ்சுகிறான். அவன் அச்சம் நியாயமானதே. தாய்க்கு எதிராகத் திறந்த ஏட்டை மகள் தன் கையில் எடுக்கிறாள். இனி அவளைப் பற்றி அவளே எழுதலாம்.

நண்பர்களே! கதை மாந்தரை எடை போடுகையில் நாம் பெரும்பாலும் அவர் என்ன செய்தார் என்று மட்டுமே பார்க்கிறோம். என்ன செய்ய விடப்பட்டார் என்றும் பார்க்க வேண்டும் என்பதை சேத்தி கற்பிக்கிறாள். நாளை நம்மில் பலர் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் ஏடுகளைக் கையில் எடுப்போம். மனிதர்களைப் பற்றிக் குறிப்பெழுதுவோம். அப்போது வலப்பக்கத்தில் ஒரு பத்தி தானாகவே முளைக்கிறதா என்று நம்மை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். கற்ற கல்விக்கு அதுவே முதற் சோதனை.