ஒரு கிலோ எடையில் ஒரு வானொலி நிலையம்

2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் டோக்கியோவில் அமெச்சூர் வானொலிக் கண்காட்சி நடைபெற்றது. அங்கே ஐகாம் என்னும் ஜப்பானிய நிறுவனம் ஐசி-705 என்ற சிறிய கருவியை அறிமுகம் செய்தது. அது விற்பனைக்கு வர இன்னும் பல மாதங்கள் இருந்தன. ஆயினும், உலகின் பல நாடுகளில் உள்ள வானொலி ஆர்வலர்கள் அன்றிலிருந்தே நாள்களை எண்ணத் தொடங்கிவிட்டனர். திறன்பேசி எல்லார் கையிலும் இருக்கும் காலத்தில், பேசுவதற்கென ஒரு பெட்டிக்காக இவர்கள் ஏன் இப்படிக் காத்திருந்தார்கள்?

நம் வீட்டு வானொலிப் பெட்டி ஒலியைப் பெறும். ஆனால் நாம் சொல்வதை அனுப்பாது. அமெச்சூர் வானொலி ஆர்வலரின் கருவியோ பெறவும் அனுப்பவும் வல்லது. அதனை டிரான்சீவர் என்பர். இதனைக் கொண்டு யார் வேண்டுமானாலும் வானலையில் பேசிவிட முடியாது. தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்று, அரசாங்க உரிமம் பெற்றவர்களுக்கே அந்த வாய்ப்பு உண்டு. உரிமம் பெற்ற ஒவ்வொருவருக்கும் தனி அழைப்புக்குறி வழங்கப்படும். மலேசியர்களின் அழைப்புக்குறி 9எம் அல்லது 9டபிள்யூ என்றும், சிங்கப்பூரர்களின் அழைப்புக்குறி 9வி என்றும் தொடங்கும். இந்த ஆர்வலர்களைச் சுருக்கமாக ‘ஹாம்’ என்று அழைப்பார்கள்.

திறன்பேசியில் பேசும்போது நம் குரல் அருகிலுள்ள கோபுரம்வரைதான் காற்றின்வழிச் செல்கிறது. அதன்பிறகு அதைச் சுமப்பவை பெரும்பாலும் கம்பிவடங்களும் கணினிகளுமே. ஹாம்கள் பயன்படுத்தும் சிற்றலைக்குக் கோபுரமே வேண்டியதில்லை. வானில் உயரே, சூரியக் கதிர்களால் மின்னேற்றம் பெற்ற துகள்கள் நிறைந்த பகுதி ஒன்று உள்ளது. அதுவே அயனி மண்டலம். தரையிலிருந்து செல்லும் சிற்றலை அங்கே வளைந்து மீண்டும் பூமியை நோக்கித் திரும்புகிறது. தரையில் பட்டு மறுபடியும் மேலெழுகிறது. இப்படித் தாவித் தாவியே அது கடலைக் கடந்துவிடுகிறது. இதற்கு மிகுந்த ஆற்றல் தேவையென்று நினைத்துவிட வேண்டாம். சூழல் அமைந்தால், ஓர் எல்இடி விளக்கை எரியவைக்கப் போதுமான 10 வாட் ஆற்றலே கண்டம் விட்டுக் கண்டம் பேச உதவும். ஆனால், அந்தச் சூழல் எப்போதும் அமைந்துவிடுவதில்லை. பகலா, இரவா, சூரியனின் சீற்றம் எப்படியிருக்கிறது என்பவற்றைப் பொறுத்து அது மாறும். காத்திருப்பது ஹாம்களுக்குப் பழகிப்போன ஒன்றுதான்!

கோபுரம் இல்லாமல் பேசக்கூடிய இந்த வசதியின் அருமை 2004ஆம் ஆண்டு டிசம்பரில் தெரிய வந்தது. பாரதி பிரசாத் என்னும் இந்தியப் பெண்மணியின் தலைமையில் ஹாம் குழு ஒன்று அந்தமானின் போர்ட் பிளேர் நகரில் தங்கியிருந்தது. அத்தீவிலிருந்து உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசி மகிழ்வதற்காகவே அவர்கள் அங்குச் சென்றிருந்தனர். டிசம்பர் 26ஆம் நாள் காலையில் நிலம் அதிர்ந்தது. ஆழிப்பேரலை தீவுகளைத் தாக்கியது. தொலைபேசித் தொடர்பு துண்டிக்கப்பட்டது. பொழுதுபோக்கிற்காகக் கொண்டுவந்த கருவிகளை அக்குழுவினர் உடனே மீட்புப் பணிக்குப் பயன்படுத்தினர். கார் நிக்கோபார் தீவிலும் ஒரு நிலையம் அமைக்கப்பட்டது. உயிர்தப்பியவர்களைப் பற்றிய செய்திகள், தவித்துக் கொண்டிருந்த அவர்களின் உறவினர்களுக்கு வானலைவழிச் சென்று சேர்ந்தன.

இத்தகைய நேரங்களில் மின்சாரமும் சாலையும் இல்லாத இடத்திற்கும் ஒருவர் தனியாகத் தூக்கிச் செல்லக்கூடிய கருவியே பெரிதும் கைகொடுக்கும். அப்படிப்பட்ட கருவி முன்பே இருக்கத்தான் செய்தது. 2000ஆம் ஆண்டு வாக்கில் யாயேசு நிறுவனம் எஃப்டி-817 என்னும் கருவியை வெளியிட்டது. அது சிற்றலையோடு மேலும் பல அலைவரிசைகளிலும் இயங்கியது. மின்கலத்தோடு சேர்த்து ஒரு கிலோவைச் சற்றே தாண்டிய எடை கொண்டது. மலையேறிகளும் முகாமிடுவோரும் அதைப் போற்றிப் பாதுகாத்தனர். ஆனால், அதன் ஆற்றல் 5 வாட் மட்டுமே. திரையும் மிகச் சிறியது. ஆயினும், பல ஆண்டுகள் பலரும் அந்தக் கருவியை நம்பியிருந்தனர்.

இதற்கிடையே வீட்டு மேசைமேல் வைக்கும் கருவிகள் வெகுவாக முன்னேறிவிட்டன. பழைய கருவிகளில் வேண்டிய குரலை மற்றவற்றிலிருந்து பிரித்தெடுக்கும் வேலையைக் கம்பிச்சுருள்களும் வடிகட்டிகளும் செய்தன. புதிய வகைக் கருவியோ, வந்துசேரும் அலையை நொடிக்குப் பல கோடி முறை அளந்து எண்களாக மாற்றுகிறது. அந்த எண்களைக் கணித்துக் குரலைப் பிரித்தெடுப்பது மென்பொருளின் வேலை. முன்பெல்லாம் குமிழைத் திருகித் திருகி, இருட்டில் துழாவுவதைப்போல் காதால் தேட வேண்டும். இப்போது யார் எந்த அலைவெண்ணில் பேசுகிறார் என்பது வண்ணக் கோடுகளாகத் திரையில் அருவிபோல் இறங்கி வருகிறது. கோட்டைத் தொட்டால் குரல் கேட்கும். ஐகாம் நிறுவனம் 2016இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஐசி-7300 இந்த வசதியைப் பலருக்கும் எட்டச் செய்தது. ஆனால், அதன் எடை 4 கிலோவுக்கும் மேல். அதற்குள் மின்கலமும் இல்லை.

எஃப்டி-817இன் எளிமையும் ஐசி-7300இன் பார்வையும் ஒரே பெட்டியில் கிடைக்காதா என்று ஏங்கியவர்களுக்கு ஐசி-705 ஏறத்தாழ ஒரு விடையாக அமைந்தது. மின்கலத்தோடு சேர்த்து அதன் எடை 1.1 கிலோ, அதாவது, ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியின் எடைதான். 4.3 அங்குலத் தொடுதிரை, இருக்குமிடத்தைக் காட்டும் ஜிபிஎஸ், புளூடூத் ஆகியவையும் அதில் அடங்கியிருந்தன. மின்கலத்தில் 5 வாட்; வெளி மின்சாரத்தில் 10 வாட்.

எல்லாரும் மகிழ்ந்துவிடவில்லை. ஆண்டெனாவைக் கருவியோடு இசைவிக்கும் அமைப்பு உள்ளே இல்லாததைக் கண்டு சிலர் முகம் சுளித்தனர். மலைக்குச் செல்பவர் அதற்கென இன்னொரு பெட்டியையும் சுமக்க வேண்டுமே! அவர்களின் குறையில் நியாயம் இருந்தது. இந்நிலையில் கோவிட்-19 பெருந்தொற்று பரவியது. உதிரிபாகங்கள் கிடைப்பது சிக்கலாகி, கருவியின் வருகையும் தள்ளிப்போனது. 2020ஆம் ஆண்டின் பிற்பாதியில்தான் ஐசி-705 ஆர்வலர்களின் கைகளுக்கு வரத் தொடங்கியது.

கருவி வந்தபின் அதைப் பையில் வைத்துக்கொண்டு குன்றுகளுக்குப் புறப்பட்டவர்கள் பலர். உச்சியை அடைந்ததும் ஒரு நீண்ட கம்பியை மரக்கிளையில் கட்டுவார்கள். அந்தக் கம்பிதான் ஆண்டெனா. அது சரியாக அமையாவிட்டால், எவ்வளவு விலைகொடுத்து வாங்கிய கருவியும் ஊமையாகிவிடும். பிறகு, யாரேனும் கேட்கிறீர்களா என்ற பொருள்படும் ‘சிகியூ’ என்ற அழைப்பை விடுப்பார்கள். சில வேளைகளில் மறுமொழியே வராது. சில வேளைகளில் பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, இரைச்சலுக்கு நடுவே, ஓர் அழைப்புக்குறி மெல்ல ஒலிக்கும். மறுமுனையில் இருப்பவர் நாற்பது ஆண்டுப் பழைய கருவியின் குமிழைத் திருகிக்கொண்டிருப்பவராகவும் இருக்கலாம்.