பெட்டகத்தின் கதவில் ஒரு தகடு

கப்பலிலும் லாரியிலுமாகத் தேசங்களைக் கடந்து செல்லும் சரக்குப் பெட்டகங்களின் கதவில் பதிந்திருக்கும் சிறிய உலோகத் தகட்டைப் பலர் கண்டிருக்கலாம். அதனருகே நின்று வேலை செய்வோரின் பிராணனுக்கு அதுவே முதல் ஜாமீன் என்று அறிந்தவர் சிலரே. 1972-இல் ஜெனீவாவில் நிறைவேறி 1977-இல் அமலுக்கு வந்த சர்வதேச உடன்படிக்கையின்படி, உற்பத்தியான காலமும், மொத்த எடையின் உச்ச வரம்பும், மேலே அடுக்கத்தக்க பாரமும் அத்தகட்டில் பொறிக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

அடுக்கும் பாரத்தைச் சுமப்பவை பெட்டகத்தின் நான்கு மூலைத் தூண்களே. தகட்டில் 1,92,000 கிலோ என்றிருந்தால், தலைக்கு 24 டன் எடையுள்ள எட்டுப் பெட்டகங்களை அதன்மேல் அடுக்கலாம் என்பது பொருள். ஆயினும் கடலில் கப்பல் ஆடுங்கால் பாரம் பெருகுமாதலால், பரிசோதனையில் அதை 1.8 மடங்காக்கித் தூண் ஒன்றுக்கு 86,400 கிலோ வீதம், மேற்பெட்டகம் சற்று விலகி அமர்ந்தாற்போல வைத்தே அழுத்திப் பார்க்கிறார்கள். சுவரின் நெளிவைக் கண்டு பதறும் நாம், தூணின் அடியில் அரிக்கும் துருவைக் கவனியாது விடுவது பேராபத்து.

புதிதாக இருக்கையில் தேறிய பெட்டகம் என்றென்றும் உறுதியாக இராது என்பதால், ஐந்தாண்டுகளுக்குள் முதல் தடவையும், பின்னர் 30 மாதங்களுக்கு ஒரு தடவையும் அது ஆராயப்பட வேண்டும். அடுத்த பரிசோதனைக்குரிய மாதமும் ஆண்டும் கடந்துவிட்டனவா என்று தகட்டிலேயே பார்க்கலாம். தேதி காணப்படாவிடில், அங்கீகாரம் பெற்ற தொடர்பரிசோதனைத் திட்டத்தின் குறியேனும் இருத்தல் வேண்டும்.

பெட்டகம் பழுதற்றதாயினும் எடையைப் பொய்யாகக் காட்டினால் பயனில்லை. 2007-இல் ஆங்கிலக் கால்வாயில் சேதமுற்ற நாப்பொலி என்னும் கப்பலின் மேல்தளத்திலிருந்து மீட்டு நிறுத்துப் பார்த்த பெட்டகங்களில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்றின் எடை அறிவித்த கணக்கினின்று மூன்று டன்னுக்கு மேல் வேறுபட்டது. 2016 ஜூலை 1 முதல், நிறைந்த பெட்டகத்தின் சரிபார்த்த எடையைத் தெரிவிக்காமல் அதைக் கப்பலில் ஏற்றலாகாது. அப்பொறுப்பு சரக்கை அனுப்புவோருடையது.

பெட்டகத்தைப் பாதுகாப்பான நிலையில் வைத்திருக்கும் கடமை உடைமையாளருடையது. அபாயம் வெளிப்படையாயின் அதைத் தடுத்து நிறுத்த அரசின் அதிகாரிக்கு உடன்படிக்கை உரிமையளிக்கிறது. ஆகவே தூண் வளைந்தோ, மூலைப்பொருத்து பிளந்தோ காணும் தொழிலாளி, பெட்டகத்தின் எண்ணைக் குறித்து மேற்பார்வையாளரிடமும் துறைமுகப் பாதுகாப்பு அதிகாரியிடமும் எழுத்து மூலமாகவே முறையிடுவது நலம். வாய்மொழிப் புகார் எளிதில் மறைந்துவிடும். உயிருக்கு உடனடி அபாயமென நியாயமான காரணத்தோடு நம்பி விலகி நிற்பவரைத் தண்டிக்கலாகாது என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 1981-ஆம் ஆண்டு உடன்படிக்கையும் கூறுகிறது.

பழைய பெட்டகத்தை வாங்கிக் கடையாகவோ வீடாகவோ அமைக்க விரும்புவோர்க்கும் ஒரு வார்த்தை: ஜன்னலுக்காகச் சுவரை அறுத்து உருமாற்றிய பெட்டகத்துக்குப் பழைய அங்கீகாரம் செல்லாது, அதன் தகட்டை உடைமையாளர் கழற்றிவிட வேண்டும்.