புதிய இயங்குதளம் வருமுன்

மனிதன் படைத்த கருவிகளுள் கணிப்பொறியைப் போல் அடிக்கடி தன்னை மாற்றிக்கொள்ளும் கருவி பிறிதொன்றில்லை. தையல் இயந்திரம் நம் பாட்டி காலத்தில் தைத்தபடியே இன்றும் தைக்கிறது. தட்டச்சுப் பொறியில் பழகிய விரல், பல்லாண்டுகள் கழித்தும் அதே இடத்தில் அதே எழுத்தைக் கண்டது. கணிப்பொறியோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தன் இயங்குதளத்தையே மாற்றிக்கொள்கிறது. அம்மாற்றத்திற்குப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் தம் கணிப்பொறிப் பயனாளர்களை எவ்வாறு ஆயத்தம் செய்ய வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயங்குதளம் என்பது யாது? ஓர் அலுவலகத்தின் தலைமை எழுத்தரை நினைத்துப் பாருங்கள். எந்தக் கோப்பு எந்த அலமாரியில் உள்ளது, எவருடைய வேலை முதலில் நடக்க வேண்டும், யாரை உள்ளே விடலாம் என்பனவெல்லாம் அவர் பொறுப்பு. கணிப்பொறிக்குள் இப்பணிகளைச் செய்யும் நிரல்தொகுதியே இயங்குதளம். தலைமை எழுத்தர் மாறினால் அலுவலகம் சில நாள் தடுமாறுவது இயல்பு. அதுபோலவே இதுவும்.

அண்மைய மாற்றம் ஒன்றைக் காண்போம். 2015ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. அதன் பின்னரும் அக்கணிப்பொறிகள் ஓடும். ஆனால், புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் இலவசமாக வந்துகொண்டிரா. ஓட்டையை அடைக்காவிட்டால் என்ன? 2017 மார்ச்சில் அந்நிறுவனம் ஒரு திருத்தத்தை வெளியிட்டது. அதே ஆண்டு மே மாதம் ‘வான்னாக்ரை’ என்னும் நச்சுநிரல் 150 நாடுகளுக்குமேல் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணயத்தொகை கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பல நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. திருத்தத்தை ஏற்றிக்கொள்ளாத கணிப்பொறிகளே அதற்கு இரையாயின. எனவே மாற்றம் தேவையா என்று வாதிட இடமில்லை. எப்படி மாற்றுவது என்பதே வினா.

முதற்படி, பொறிகளைக் கணக்கெடுப்பது. விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகமும் 64 ஜிகாபைட் சேமிப்பிடமும் ‘டிபிஎம் 2.0’ என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும். இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் 2017இல் வந்த எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருத்தல் வேண்டும். தமிழக அரசு 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட கணினிகள் இவ்வரம்புக்கு முற்பட்டவை. அவற்றைக் குப்பையில் எறிய வேண்டியதில்லை. லினக்ஸ் வகை இயங்குதளங்கள் பழைய கணிப்பொறிகளிலும் இயங்கும். கல்வி நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி, விண்டோஸ் 10க்கான திருத்தங்களை மேலும் மூன்றாண்டுகள் வரை பெறவும் வழி செய்யப்பட்டுள்ளது. கணிப்பொறி ஒன்றுக்கு முதலாண்டு 1 டாலர், அடுத்து 2, அதற்கடுத்து 4 என அக்கட்டணம் அறிவிக்கப்பட்டது. இது கால அவகாசமேயன்றித் தீர்வன்று.

பொறிகளை எண்ணிவிடலாம், அவற்றில் மனிதர் செய்யும் வேலைகளை எண்ணுவதே கடினம். இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகிறேன்.

தமிழ்த்துறையில் ஒருவர் பல்லாண்டு உழைத்துத் தட்டச்சு செய்த ஆய்வேடு இருக்கிறது. அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் உள்ளதாகக் கொள்வோம். அத்தகைய கோப்பினுள் இருப்பவை தமிழ் எழுத்துகளே அல்ல. ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. அவற்றின்மேல் எழுத்துரு தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. புதிய கணிப்பொறியில் அவ்வெழுத்துரு இல்லையெனில் போர்வை விலகிவிடும். ஆய்வேடு முழுவதும் பொருளற்ற ஆங்கிலக் குவியலாகத் தோன்றும். எழுத்துருவை முன்கூட்டியே படியெடுத்து வைப்பது உடனடிப் பரிகாரம். தமிழக அரசு 2010இல் ஏற்றுக்கொண்ட ஒருங்குறிக்குக் கோப்புகளை மாற்றிவிடுவதே நிலையான வழி.

அடுத்தது கணிப்பொறி ஆய்வகம். 1990களின் தொடக்கத்தில் வந்த டர்போ சி++ பதினாறு பிட் நிரல். அது 32 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடும்; 64 பிட்டாக மட்டுமே வரும் விண்டோஸ் 11இல் ஓடாது. டாஸ்பாக்ஸ் போன்ற துணைநிரல் வேண்டும். அல்லது புதிய தொகுப்பி வேண்டும். புதியதற்கு மாறினால் விடையும் மாறக்கூடும். இரண்டு முழு எண் மாறிகளில் 200, 200 என வைத்துப் பெருக்கி, விடையை மற்றொரு முழு எண் மாறியில் இடுங்கள். முழு எண்ணுக்கு இரண்டு பைட் ஒதுக்கும் டர்போ சி, 32767க்கு மேல் கொள்ள இடமின்றி, –25536 என்று காட்டும். நான்கு பைட் ஒதுக்கும் இக்காலத் தொகுப்பி 40000 என்று சரியாகக் காட்டும். செய்முறைத் தேர்வன்று காலையில் இவ்வேறுபாட்டை முதன்முதலாகச் சந்திக்கும் மாணவனின் நிலையை எண்ணிப் பாருங்கள்! வீட்டில் கணிப்பொறி இல்லாதவனுக்கு ஆய்வக நேரத்தைத் தவிர வேறு பயிற்சிக்களம் ஏது?

மேற்கண்ட இரண்டு இடர்களையும் இயங்குதளத்தை நிறுவ வரும் தொழில்நுட்பர் அறியார். பயன்படுத்துவோரே அறிவர். ஆகவே மாற்றுவதற்கு முன் துறைதோறும் சென்று மூன்று கேள்விகள் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. நீங்கள் நாள்தோறும் எந்த நிரலைத் திறக்கிறீர்கள்? ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் திறப்பது எது? தொலைந்தால் மீட்க முடியாத கோப்பு எது? இவற்றுள் இரண்டாவது கேள்வியே பலராலும் மறக்கப்படுவது. சேர்க்கை, தேர்வு, கணக்கு முடிப்பு ஆகியவற்றுக்கான நிரல்கள் ஆண்டில் சில நாட்களே வெளிவரும். அந்நாட்களில் அவை ஓடாவிடில் கல்லூரியே நின்றுவிடும்.

விடைகள் கிடைத்தபின், கோப்புகளை இரண்டு தனித்தனி இடங்களில் படியெடுக்க வேண்டும். துறைக்கு ஒரு கணிப்பொறியை மட்டும் முதலில் மாற்றிச் சில வாரங்கள் பழக வேண்டும். மற்றவற்றைப் பருவத்தேர்வு முடிந்த விடுமுறையில் மாற்றலாம். தொடக்கப் பொத்தான் இடப்புறத்திலிருந்து நடுவே நகர்ந்திருப்பது போன்ற சிறு மாற்றங்களைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு மேசைதோறும் ஒட்டினால், அலுவலக ஊழியர்களின் அச்சம் பாதி நீங்கும்.

மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. பொத்தான் இருக்கும் இடத்தை மனப்பாடம் செய்தவன் ஒவ்வொரு மாற்றத்திலும் புதிதாகத் தொடங்க வேண்டும். –25536 ஏன் வந்தது என்று கேட்டறிந்தவன் எந்த இயங்குதளத்திலும் தன் வேலையைத் தொடர்வான். அடுத்த மாற்றமும் சில ஆண்டுகளில் வரத்தான் போகிறது. அப்போது உங்களுள் பலர் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் பொறுப்பில் இருப்பீர்கள். புதிய இயங்குதளத்தை நிறுவுமுன், அந்த மூன்று கேள்விகளையும் மறவாமல் கேளுங்கள்.