இடது கால் மட்டும் வீங்கினால்

இரண்டு கால்களும் வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் என்று உடம்பெங்கும் காரணம் தேட வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கினால், கோளாறு பெரும்பாலும் அந்தக் காலிலோ அதற்கு மேலே இடுப்புக்குள்ளோ இருக்கும். நம் ஊரில் உடனே யானைக்கால் நினைவுக்கு வரும். மருத்துவர் முதலில் சந்தேகிப்பது, ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தம் உறைந்திருக்குமோ என்பதைத்தான். உறைவு இருப்பது தெரிந்தால், அது ஏன் அங்கே வந்தது என்றும் கேட்டாக வேண்டும். வீங்கியது இடது கால் என்றால் கட்டாயம் கேட்க வேண்டும்.

காரணம் நம் உடம்பின் அமைப்பிலேயே இருக்கிறது. இதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனி தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிகிறது. வலது காலுக்குப் போகும் கிளை, இடது காலிலிருந்து ரத்தம் ஏறிவரும் சிரையின் மேல் குறுக்கே போகிறது. சிரைக்குப் பின்னால் முதுகெலும்பு. முன்னே துடிக்கும் தமனி, பின்னே அசையாத எலும்பு. மெல்லிய சிரை நடுவில் நசுங்குகிறது. ஆண்டுக்கணக்கில் இடிபட்டு அதன் உள்சுவர் தடித்துவிடுகிறது. ரத்தம் தேங்கிக் கால் கனக்கும், வீங்கும். சிலருக்கு உறைந்தும் போகும். இடது காலில் உறைவு அதிகம் வருவதை ருடால்ஃப் விர்ஷோ 1851-லேயே கவனித்தார். 1957-இல் மே, தர்னர் என்ற இருவர் 430 சடலங்களை ஆராய்ந்து, 22 சதவீதத்தில் இந்தத் தடிப்பைக் கண்டார்கள். இதற்கு மே-தர்னர் நோய் என்று பெயர். சிரை நசுங்கியிருக்கும் எல்லோருக்கும் தொல்லை வருவதில்லை. பிரசவம், கருத்தடை மாத்திரை, நெடுநாள் படுக்கை போன்ற ஏதாவது ஒன்று சேரும்போதுதான் பலருக்கு வெளிப்படுகிறது.

காலுக்கு மட்டும் எடுக்கும் டாப்ளர் ஸ்கேனில் இடுப்புக்குள் இருக்கும் இந்த நெருக்கடி தெரியாமல் போகலாம். சந்தேகம் இருந்தால் இடுப்புச் சிரைகளையும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டால் வழி இருக்கிறது: உறைவைக் கரைத்து, நசுங்கிய இடத்தில் ஸ்டென்ட் வைத்து விரிக்கிறார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தையும் தொடர வேண்டும்.

உறைவுபோலவே ஏமாற்றும் இன்னொன்று, முழங்காலுக்குப் பின்னால் வரும் நீர்க்கட்டி. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு வரும். அது உடைந்தால் கெண்டைக்கால் திடீரென வீங்கி வலிக்கும். கணுக்காலுக்குக் கீழே ரத்தம் கன்றியதுபோல் தெரியும். பெரும்பாலும் ஓய்விலேயே வடிந்துவிடும். பெண்களுக்குப் பெரிதாக வளர்ந்த கர்ப்பப்பைக் கட்டியும் சிரையை அழுத்தலாம். கட்டியை எடுத்தால் கால் வடியும்.

ஒரு வேண்டுகோள். திடீரென ஒரு கால் வீங்கினால் எண்ணெய் தேய்த்து நீவிவிடாதீர்கள். உள்ளே உறைவு இருந்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.