கல்லமேட்டில் பொடிந்த பேரெலும்பு

பாலக்காட்டிலும் இடுக்கியிலும் குடியேறி வாழும் நம் இல்லத்துப் பிள்ளைகள், இம்மலைகளில் டைனசோர் எலும்பு கிடைக்குமா என வினவுவதுண்டு. கிடைக்காது. இப்பாறைகள் அவ்விலங்குகள் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகட்கு முன்னரே பூமியின் ஆழத்தில் வெந்து இறுகியவை. அதற்கு நாம் கிழக்கே, பண்டைய வண்டல் படிந்த அரியலூர்ச் சீமைக்குத்தான் செல்லவேண்டும்.

அங்குள்ள கல்லமேடு என்னும் சிற்றூரருகே, ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகட்கு முந்திய விலங்கொன்றின் இடுப்பெலும்பும் காலெலும்புகளும் அகப்பட்டன. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் நீளம் மட்டுமே 2 மீட்டர்! நிலவியல் அறிஞர்களான யாதகிரி, அய்யாசாமி இருவரும் 1987-இல் அதற்குப் ‘புருகத்காயோசாரஸ்’ எனப் பெயர் சூட்டினர். பேருடற் பல்லி என்பது பொருள். ஊனுண்ணி என்றே முதலில் எண்ணினர். நீள்கழுத்துடைய தாவர உண்ணி என்பது பின்னர் வந்த அறிஞர் கருத்து.

அந்தோ, அவ்வெலும்புகள் இன்றில்லை. காப்புறையிட்டு எடுத்தும், ஆய்வகம் சேருமுன்னரே உள்ளுக்குள் பொடிந்து போயின. எனவே அதன் எடை பற்றிய வழக்கு இன்றும் ஓயவில்லை. கோதாவரிப் பள்ளத்தாக்கில் அகழ்ந்த ‘பாரபாசாரஸ்’ பேறு பெற்றது: ஏறத்தாழ 300 எலும்புகள் சிதையாமற் கிடைத்தன, கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் அதன் எலும்புக்கூடு நிமிர்ந்து நிற்கிறது. கல்லமேட்டுப் பேருடலுக்கோ சில வரைபடங்களும், 2022-இல் வெளிவந்த பழைய நிழற்படங்களுமே எஞ்சின.