தேக்கி வைத்த நீரும் தேதி தெரியாத நீரும்

1934 ஆம் ஆண்டு மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டு, அதில் தேங்கும் 93 டி.எம்.சி.க்குச் சற்று மேற்பட்ட ஜலத்தை நம்பி ஜூன் 12 ஆம் தேதி குறுவைக்குத் தண்ணீர் திறப்பது காவிரி டெல்டாவின் சம்பிரதாயமாக நிலைத்துவிட்ட பின்னரும், கடைமடை விவசாயிக்குத் தன் வயலில் தண்ணீர் என்றைக்குப் பாயும் என்பது இன்றளவும் நிச்சயமில்லை. நெல்லுக்கு அவர் அநாவசியமாக நீரைத் தேக்குகிறார் என்று குறை சொல்லப் புகுவோர், இந்த நிச்சயமின்மையை முதலில் கணக்கில் எடுத்துக்கொள்வது நியாயம்.

நெல் தண்ணீரில் நின்றால்தான் விளையும் என்பதில்லை. களையை அடக்குவதற்கே பெரும்பாலும் நீர் நிறுத்தப்படுகிறது. இதனை உணர்ந்த சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் பரப்பிய எளிய உபாயம் ஒன்று உண்டு. சுமார் ஓர் அடி நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பகுதியில் சுற்றிலும் துளையிட்டு, அதனை வயலில் புதைத்து, உள்ளிருக்கும் சேற்றை அள்ளிவிட்டால், மண்ணுக்கடியில் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறதென்று குனிந்து பார்த்தே தெரிந்துகொள்ளலாம். மட்டம் 15 சென்டிமீட்டர் கீழிறங்கிய பிறகு, 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினால் போதும். நடவு செய்த முதலிரண்டு வாரங்களிலும் பூக்கும் பருவத்திலும் மட்டும் காயவிடலாகாது. இம்முறையில் விளைச்சல் குன்றாமல் 30 சதவீதம் வரை பாசன நீர் மிச்சப்படக்கூடும் என்பதோடு, வயலிலிருந்து எழும் மீத்தேன் வாயுவும் குறைகிறது.

ஆயினும், மட்டம் இறங்கிய நாளில் தண்ணீர் கிடைத்தால்தான் இம்முறை பலிக்கும். வடிமுனைக் குழாய்க் கிணறு வைத்திருப்பவர் பொத்தானை அழுத்தி வேண்டிய நாளில் பாய்ச்சிக்கொள்ளலாம். அவருக்கு மின்சாரம் இலவசமாதலால் சிக்கனத்தில் நாட்டம் பிறப்பதுதான் அரிது. முறைவைத்து விடும் வாய்க்கால் நீரை மட்டுமே நம்பியவரோ, அடுத்த முறை தவறினால் பயிர் கருகுமென்ற பயத்தில், கிடைத்தபோதே வரப்பு தளும்பக் கட்டிவைக்கிறார். இதைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் நிலையில் அது விவேகமே.

வாய்க்கால்களுக்கெல்லாம் காங்கிரீட் தளம் போட்டுவிட்டால் விரயம் தீருமென்ற அபிப்பிராயமும் முழுவதும் சரியன்று. தலைப்பகுதியில் கசிந்து இறங்கும் ஜலம் நிலத்தடியில் சேர்ந்து, கோடையில் அதே கிணறுகளின் வழியே மேலே வருகிறது. அங்கே கசிவைத் தடுப்பது ஒருவருடைய நீரை மற்றொருவருக்கு மாற்றிவிடும் காரியமேயாகும். கடலோரத்திலோ நிலத்தடி நீர் உவர்ப்பாதலால், கசிந்தது கசிந்ததுதான். அங்கே தளம் போடுவது தகும்.

ஆகவே, துளையிட்ட குழாய்களை விநியோகிக்கும் முன்பாக, துருப்பிடித்து இறங்காமல் நிற்கும் மதகு ஷட்டர்களை நீர்வளத் துறையார் பழுதுபார்த்து, எந்த வாய்க்காலுக்கு எந்தெந்த நாட்களில் முறை என்பதை அணை திறக்கும்போதே அறிவித்து, அறிவித்தபடி விடவும் வேண்டும்.