பதின்ம வயதினர் புகைபிடித்தல் குறித்துத் தரும் தன்விவரங்களின் நம்பகத்தன்மை

முன்னுரை

பினாங்கு ஜார்ஜ்டவுனில், 1801-இல் காதர் முகைதீன் நிறுவிய பள்ளிவாசலால் பெயர்பெற்றது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை. அங்குள்ள ஒட்டுக்கடை ஒன்றின் முன் நிற்கும் நான்காம் படிவ மாணவனிடம், “தம்பி, சிகரெட் பிடிப்பதுண்டா?” என நாம் வினவுவதாகக் கொள்வோம். அவன் ‘மாமா’ என்றழைக்கும் கடைக்காரர் செவிமடுத்திருக்க, “இல்லை, சார்” என்பதே விடையாக அமையும். பெயர் எழுதாத வினாத்தாளில் அவனே வேறு விடை தரக்கூடும். இவ்வேறுபாட்டின் காரணங்களை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினவும் சூழல்

வீட்டில் திரட்டப்படும் விவரங்களில் புகைபிடிக்கும் இளையோரின் விகிதம், பள்ளியில் திரட்டப்படுவதைவிடக் குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பெற்றோர் அறிந்துகொள்வர் என்னும் அச்சம் இதற்கு ஒரு காரணமாகும். நண்பர்முன் பெருமைக்காக மிகைப்படுத்திக் கூறுவோரும் உளர். 1999-இல் தொடங்கிய உலக இளையோர் புகையிலை ஆய்வு, 13 முதல் 15 வயது மாணவரிடம் வகுப்பறையில் பெயரற்ற வினாத்தாளையே பயன்படுத்துகின்றது.

உடற்சான்று

நிக்கோட்டின் உடலில் மாற்றமுற்று உண்டாகும் கோட்டினைன் என்னும் பொருளை உமிழ்நீரில் கண்டறியலாம். எவான்ஸ், ஹான்சன், மிட்டல்மார்க் ஆகியோர் 1977-இல் வெளியிட்ட ஆய்வில், உமிழ்நீரில் நிக்கோட்டினைக் கண்டறியும் சோதனை குறித்த படத்தைச் சிறுவர்க்குக் காட்டிய பின்னர் வினவியபோது, புகைபிடிப்பதாக ஒப்புக்கொண்டோர் மிகுந்தனர். எனினும், பெயர் வெளிப்படாது என்னும் உறுதி இருந்தவிடத்து இவ்வேறுபாடு காணப்படவில்லை எனப் பிந்தைய ஆய்வு காட்டிற்று. மேலும், கோட்டினைன் சில நாள்களில் உடலைவிட்டு நீங்கிவிடும். எப்போதேனும் ஒருமுறை புகைப்பவரை இச்சோதனை தவறவிடும். நிக்கோட்டின் வந்தது சிகரெட்டிலிருந்தா மின்சிகரெட்டிலிருந்தா என்பதையும் அது உணர்த்தாது. ஆகவே, வினாத்தாள் இன்றியமையாததாகவே உள்ளது.

சொல்லின் பங்கு

மலேசிய சுகாதார அமைச்சின் இளையோர் ஆய்வுகளின்படி, சிகரெட் புகைப்போர் 2017-இல் 13.8 விழுக்காட்டினர், 2022-இல் 6.2 விழுக்காட்டினர். மின்சிகரெட் பயன்பாடோ 9.8-இலிருந்து 14.9 விழுக்காடாக உயர்ந்தது. “புகைபிடிக்கிறாயா?” என்று மட்டும் வினவினால், ‘வேப்’ பயன்படுத்தும் மாணவன் “இல்லை” எனலாம். அது பொய்யன்று, அவன் வழக்கில் அது புகையன்று. வார இறுதியில் ஒன்றிரண்டு புகைப்பவனும் தன்னைப் ‘புகைபிடிப்பவன்’ எனக் கருதுவதில்லை. “கடந்த 30 நாள்களில் எத்தனை நாள் சிகரெட் பிடித்தாய்? எத்தனை நாள் வேப் பயன்படுத்தினாய்?” எனத் தனித்தனியே வினவுதல் வேண்டும். வினாத்தாளைத் தமிழாக்கும் ஆசிரியர் இதனைக் கருத்திற்கொள்ளுதல் நன்று.

முடிவுரை

2024 அக்டோபர் 1 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டோர் புகைபிடிப்பதே குற்றமாகும். எனவே, மாணவன் எழுதும் “ஆம்” இன்று குற்ற ஒப்புதலுக்கு நிகரானது. கையெழுத்தைக் கொண்டு மாணவனை அடையாளங்கண்டு கட்டொழுங்கு நடவடிக்கைக்கு அனுப்பும் ஆசிரியர், அவ்வகுப்பில் இனி எவரும் உண்மை எழுதாதவாறு செய்துவிடுகின்றார். தன்விவரத்தின் நம்பகத்தன்மை மாணவனின் நேர்மையை மட்டுமன்றி, அவனுக்கு நாம் அளித்த உறுதியைக் காப்பதையும் பொறுத்ததாகும்.